பெயரைச் சொல்லாத பேராசிரியர்

அவைக்கு அணிசெய்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! பதுளை நகரத்துப் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கறை காயாத கைகளோடு மலையிறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! இன்று பணி ஓய்வு பெறும் பேராசிரியர் அற்புதமலர் அவர்களே! தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜீவராணியின் வணக்கம்.

கற்பித்தார், பதிப்பித்தார், படைத்தார்! அந்தப் பெருமைகளை அறிஞர்கள் பேசுவார்கள். நான் ஓர் அச்சத்தைப் பேச வந்தேன்.

தெமோதரைக்கு மேலே, வரிசை அறைகளில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலை பிளந்து நின்றது. மழை பெய்தால் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருப்போம். முறையிட்டோம், யார் கேட்டார்? அதையே புனைபெயரில் கதையாக எழுதினேன். பேராசிரியர் தம் இதழில் வெளியிட்டார்.

மறுவாரம் தோட்ட நிர்வாகத்தின் ஆட்கள் இருவர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த கதையைக் கொடுக்கப் போன நான் உள்ளறையில் ஒடுங்கி நின்றேன். எழுதியது யார் என்று கேட்டார்கள். பெயர் தெரிந்தால் வேலை போகும்; வேலை போனால் லயத்து அறை போகும்; அறை போனால் என் பிள்ளைகள் எங்கே போவார்கள்? கதவிடுக்கில் பார்த்தேன். பேராசிரியர் எழுந்து நின்றார்.

"இதழாசிரியர் நான். கேக்கிறத என்கிட்ட கேளுங்க," என்றார். அவர் பதவிக்கே ஆபத்து என்று மிரட்டினார்கள். "போனா போகட்டுங்க," என்றார்.

கைதட்டுகிறீர்களா? பொறுங்கள் தாய்மார்களே! அவர்கள் போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பயமா இருக்கு ஜீவராணி. கதவச் சாத்துங்க," என்றார். சாத்தினேன். அடுத்த கதையைத் திருத்த எடுத்தார்.

அவர்மேல் பல்கலைக்கழகத்துக்கு முறைப்பாடு பறந்தது. பதவி உயர்வு நின்றது. இதழ் ஓராண்டு முடங்கியது. வகுப்பில் மட்டும் அவர் குரல் முடங்கவில்லை! எங்கள் தோட்டத்திலோ அந்தக் கதையை அறைக்கு அறை வாசித்தார்கள். தனித்தனியே அஞ்சியவர்கள் சேர்ந்து அஞ்சத் தொடங்கினோம். ஐப்பசி மழையில், கங்காணி தடுத்தும் கேளாமல், லயத்தையே காலி செய்து பாடசாலையில் தங்கினோம். அந்த வாரமே ஒரு பட்டப்பகலில் மலை இறங்கியது. லயம் இல்லை. நாங்கள் இருக்கிறோம்!

இன்றும் மழை பெய்கிறது. பிளந்த மலைகள் இன்னும் நிற்கின்றன. முன்வரிசையில் நிர்வாகத்தார் இருக்கிறீர்கள், கண்டேன். அவர் காத்த பெயரை நானே இப்போது சொல்லிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து மலையைப் பற்றிய கதையையும் எழுதிவிட்டேன்; அடியில் ஜீவராணி என்றே போட்டிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. வழியில் மண் சரிந்திருக்கும், பார்த்துப் போங்கள். வணக்கம்.