பாறை வெடிப்பில் ஒரு செடி

பிளேன்டீயில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை சேர். தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது.

நான் ஹட்டனில் புவியியல் படிப்பிக்கிற ஆசிரியன். லீவு நாட்களில் பட்டிப்பொலைக்கு மேலே இருக்கிற மொட்டைப் பாறைக்குப் போவேன். அதன் மேற்குப் பக்கம் பருவமழையில் ஊறி, பாசி மெத்தையாகக் கிடக்கும். கிழக்குப் பக்கம் ஊவாக் காற்றில் காய்ந்து, கருகிய புல்லோடு நிற்கும். இரண்டு காற்றும் மோதுகிற விளிம்பில், வெடிப்புகளுக்குள், முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி வளர்ந்தது. தடித்த இலை, வெள்ளைப் பூ. நல்லதண்ணி ஊர்ப் பக்கத்துப் பாறைகளிலும் ஏறித் தேடினேன், அங்கே இல்லை. மண்ணே இல்லாத இடத்தில் அதன் தண்டு தடிக்க ஒரு மனித ஆயுள் வேண்டும்.

சுமன் என் தங்கை ஜீவராணியின் புருஷன். வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிறானே என்று நான்தான் அவனை ஒருநாள் அங்கே கூட்டிப்போனேன். அடுத்த தடவை நான் போனபோது வெடிப்புகள் வெறுமையாக இருந்தன. அலவாங்குக் கம்பி போட்டு நெம்பிய தடம் பாறையில் வெள்ளையாகத் தெரிந்தது. பிடுங்கி ஹோட்டல் தோட்டங்களுக்கு விற்றிருக்கிறான். அங்கே நல்ல கொழுத்த மண்ணில் நட்டார்கள், எல்லாம் அழுகிப் போயின.

போய்க் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னான். "செடிதானே மச்சான், திரும்ப மொளைக்கும். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது. அவன் செத்ததால் அது ஒன்றும் குறையவில்லை. "விடுங்கண்ணே, அவரு தெரியாமப் பண்ணிட்டாரு" என்றாள் ஜீவராணி. தெரியாமல் ஒருவன் அலவாங்கைச் சுமந்துகொண்டு மலை ஏறுவானா?

ஒரே ஒரு செடி மிஞ்சியிருந்தது. மேற்கு விளிம்புக்குச் சற்றுக் கீழே, அவன் கண்ணில் படாத வெடிப்பில். பௌர்ணமிப் போயா லீவில் அவனிடம், "இன்னும் ஒண்ணு இருக்கு, வா காட்டுறேன்" என்றேன். சந்தோஷமாக வந்தான். என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

பாசிக்கு அடியில் எப்போதும் தண்ணீர் ஓடும் என்று எனக்குத் தெரியும். அதில் கால் வைத்து இறங்கச் சொன்னேன். வைத்தான், சறுக்கினான்.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். தேயிலைத் தோட்டத்துச் சரிவில் வழுக்கினால், அங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்களின் கை தானாகத் தேயிலைச் செடியின் தூரைப் பிடிக்கும். அது பிடுங்கிக்கொண்டு வராது, ஆளைத் தாங்கும். நடக்கப் பழகும்போதே வந்துவிடுகிற பழக்கம் இது, எனக்கும் உண்டு. சுமனின் கையும் அப்படித்தான் போய் அந்தச் செடியின் தூரைப் பிடித்தது. வேர் பாறைக்குள் எவ்வளவு ஆழம் போயிருந்ததோ, செடி அவனைத் தாங்கியது. அவனுக்குக் கீழே வெறும் பனிமூட்டம்தான்.

"மச்சான், கையக் குடுங்க. ஜீவா முழுகாம இருக்கா மச்சான், ஒங்ககிட்ட இன்னும் சொல்லல."

கை எட்டுகிற தூரம்தான். விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, "செடிய விடுடா, ஒடியுது" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் விடவில்லை. இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. என் செடியை அவன் அப்படிக் கசக்கிப் பிடித்திருந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பையில் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி கிடந்தது. அவன் கையை நான் தொடவே இல்லை சேர், நான் அப்படிப்பட்ட ஆள் கிடையாது. செடியின் தூரில்தான் வெட்டினேன். கெட்டியான தண்டு, பல தடவை போடவேண்டியிருந்தது. கடைசி வரைக்கும் அதைப் பிடித்தபடியே போனான். பாறையில் இப்போது ஒன்றுகூட இல்லை.

அந்தச் செடியைக் காப்பாற்றத்தான் செய்தேன். வாக்குமூலத்தில் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.