பின்னறை ஈரம்

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் எல்லோரும் முதலில் துடைக்கத் துணியைத்தான் தேடுவார்கள், சார். அது தப்பு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, முதலில் அதை நிறுத்த வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நனைந்த வீடுகளை உலர்த்திக் கொடுப்பது என் தொழில். இரண்டு நாளுக்குள் காயவைக்காவிட்டால் சுவரில் பூஞ்சை கிளம்பிவிடும். கிளம்பினால் லேசில் போகாது.

போன மாதம் என் வீட்டிலேயே, பின்னறைக் கூரைக்கு மேல் குழாய் வெடித்தது. அந்த அறையில் என் தம்பி தங்கியிருந்தான். நுரையீரல் கெட்டு, மருத்துவமனையிலிருந்து என்னிடம் வந்தவன். பூஞ்சைக் காற்று அவனுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதை எழுதிக்கொள்ளுங்கள். முக்கியம்.

குழாயை மாற்றினேன். தரைவிரிப்பைத் தூக்கி எறிந்தேன். ஊறிய பலகைகளை அறுத்தெடுத்தேன். மூன்று நாள் மின்விசிறிகளை ஓடவிட்டேன். ஒன்பதாம் நாள் சுவரில் ஈரமானியை வைத்தால் இருபத்திரண்டு காட்டுகிறது. பதினைந்துக்குக் கீழே இருக்க வேண்டும். அலமாரிக்குப் பின்னால் கடுகளவு கரும்புள்ளிகள்.

குழாயில் கசிவில்லை. கூரையில் இல்லை. வெளிச்சுவரில் இல்லை. அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அதில் தம்பி விரலால் என் முகத்தை வரைந்திருந்தான், மீசையோடு.

அவன் தினமும் மூன்று வேளை கெட்டிலில் வெந்நீர் போட்டு ஆவி பிடிப்பான். நான் ஈரமானியோடு கட்டிலைச் சுற்றி வந்ததைப் பார்த்துக் கேட்டான்.

"என்னண்ணா, நான் மூச்சு விடுறதையுமா அளக்குற?"

"அதுலயும் ஈரம் இருக்குடா. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளராவது வரும்."

இருமல் வரும்வரை சிரித்தான். "சரி, நாளையிலேர்ந்து விடல. போதுமா?"

சொன்னானே தவிர, செய்யவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கெட்டிலை எடுத்து வெளியே வைத்தேன். ஜன்னலைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டினேன். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை உள்ளே வைத்தேன். தம்பிக்குக் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, மூடியை இறுக்கி வைக்கச் சொன்னேன். கதவைப் பூட்டி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். இயந்திரத்தின் குழாயை மட்டும் கதவடியில் வெளியே இழுத்து ஒரு வாளியில் விட்டேன். நாற்பத்தெட்டு மணி நேரம். தொழில்முறை அதுதான்.

மதியம் தட்டினான்.

"அண்ணா, நெஞ்சை அடைக்குது. கதவைத் திற. கெட்டிலையாவது குடு."

"இப்பத் திறந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்டா. உன் நல்லதுக்குத்தான்."

"விளையாடாதண்ணா."

நான் விளையாடுகிறவன் இல்லை. முதலில் கையால் தட்டினான், பிறகு விரலால். அவனை விட்டுவிட்டு நான் எங்கும் போகவில்லை. வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சொட்டு ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. ஞாயிறு நண்பகலில் தட்டுவது நின்றது. மாலை ஆறு மணிக்குச் சொட்டும் நின்றது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று நான் கணித்தது சரிதான்.

அப்போதே திறந்திருக்கலாமே என்கிறீர்கள். இன்னும் பதினைந்து மணி நேரம் பாக்கி இருந்ததே.

திங்கள் காலை திறந்தேன். சுவர் பதினொன்று காட்டியது. இனி அந்த அறையில் அவனுக்கு மூச்சுத் தொந்தரவே வராது.

உங்கள் ஆட்கள் வரும்போது கதவைச் சாத்திவிட்டுத்தானே வந்தார்கள்? வெளியே மழை பெய்கிறது. அவனுக்கு ஈரம் ஆகாது, சார்.