அண்ணனுக்காக நடந்த தம்பி

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறியபோது, எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணன், அவர் மனைவி, தம்பி மூவரும் இருந்தார்கள். அவர்கள் பேச்சில் அடிபட்ட பட்டணத்து டாக்டர் மட்டும் பஸ்ஸில் இல்லை.

“ஒரு மாசமா காலையும் சாயங்காலமும் நடந்தது நானு. அந்த டாக்டர் என் காலைத் திரும்பியாவது பாத்தாரா, அண்ணி?” என்றான் தம்பி.

“கிட்னியில கல்லு யாருக்கு? உனக்கா?”

“அண்ணனுக்குத்தான். மேல்மலையனூர்ல அண்ணனுக்காக வேண்டிக்கினு நான்தானே கோயிலைச் சுத்தினேன்? அம்மன் ஏத்துக்கிச்சே!”

“அம்மன் ஏத்துக்கும். நல்லா நடந்து ஒடம்பு தேறினாத்தான் ஆபரேஷன் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. மாடிப்படி ஏறச் சொன்னா உங்கண்ணன் பாதியில மூச்சு வாங்கிக்கினு உக்காந்துட்டாரு. இன்னும் ஒரு மாசம் நடந்துட்டு வான்னு அனுப்பிட்டாரு. அதுவரைக்கும் இந்த வலியை யாரு தாங்குறது?”

“நாளையிலேர்ந்து நடக்குறேன்” என்றார் அண்ணன்.

“நாளைக்கு என்னாத்துக்கு? கண்டக்டரே, நிறுத்துங்க!”

“விழுப்புரத்துக்கு இன்னும் ரெண்டு மைல் இருக்கும்மா. டிக்கெட் காசு திரும்பாது.”

“போவட்டும். ஏங்க, எறங்குங்க.”

தம்பிதான் முதலில் எழுந்தான்.

“நீ உக்காரு!” என்று அவனை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, கணவரோடு அவளும் இறங்கினாள்.

இருவருக்குமாகச் சேர்த்து வீணானது இரண்டணா.