பதினோராவது பெயர்

ஓடுகிறேன். லோயர் கேம்ப், கேரள எல்லைச் சாலை. செவ்வாய்க்கிழமை காலை 11.40. முதலில் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு தார்ச்சாலையில் தகரம் உருளும் சத்தம். பிறகு புகை. கண் எரிகிறது. மகள் மலர்விழியின் கை என் கையில் இல்லை.

"கால்வாய்ப் பக்கம் போகாதீக! மேல ஏறுங்க!"

சேகரின் குரல். கம்பத்திலிருந்து கேரளத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். அவன்தான் மலரைப் புகைக்குள்ளிருந்து இழுத்து வந்தான்.

அணைத் தண்ணீர் கேட்டு எல்லை வரை ஊர்வலம். கூட்டிப் போனவர் எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் தங்கராசு அண்ணன். அடுத்த தேர்தலில் சட்டமன்றத்துக்கு நிற்கப் போகிறவர். முன்வரிசையில் நடந்தார். புகை வந்தபோது அவர் அங்கே இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

புதன். காலை 5.10. கதவில் மூன்று தட்டு. இரண்டு பெண் காவலர்கள். மலர் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாய் கொப்பளிக்கவும் விடவில்லை. அன்று ஊரில் பதினோரு பேரைக் கொண்டுபோனார்கள். பதினோரு பேரும் ஊர்வலத்துக்கு முந்தின நாள், திங்களன்று, தங்கராசு அண்ணன் வீட்டு மாடியில் கூடியவர்கள். அந்த மாடியில் இருந்தவர்களில் கைதாகாதவர்கள் இரண்டே பேர். வீட்டுக்காரர். டீ வாங்கி வந்த சேகர்.

காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் சேகரைப் பிடித்தது. அவன் மலையாளம் பேசுவான். அது போதுமாக இருந்தது. வியாழன் மதியம், ஜீப் நிற்கும் இடத்தில் அடித்தார்கள்.

"ஏலே, நம்ம சோத்தத் தின்னுட்டு அங்கன போயி ஓதுனியா?"

கன்னத்தில் ஓர் அறை. காதில் ரத்தம். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். பள்ளி ஆசிரியை. என் மகளை இழுத்து வந்தவன் இவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த திங்கள். வக்கீல் முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தருகிறார். பதினோராவது பெயர்: மலர்விழி என்கிற தவிடு.

அந்தக் கடைசிச் சொல்லை இரண்டு முறை படித்தேன். எனக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக இவள். எமன் கண்ணில் படக் கூடாதென்று, வழக்கப்படி தவிட்டுக்கு விற்றோம். ஒரு படி தவிடு கொடுத்து வாங்கி, எங்களிடமே வளர்க்கத் தந்தவர் தங்கராசு அண்ணன். அவளைத் தவிடு என்று அழைப்பவர் அவர் ஒருவர்தான். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வீட்டில் யாரும் சொல்லவிட்டதில்லை.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். தாளை நீட்டினேன். அவர் மறுக்கவில்லை. உளவுப் பிரிவுக்காரர் ஒருவரிடம் இரண்டு வருடமாகப் பேசுவதாகச் சொன்னார். தன் பழைய வழக்கு ஒன்று அவர்கள் கையில் இருந்ததாம். தேர்தல் முடியும்வரை அது கிளம்பக் கூடாதாம்.

"மலர முதப் பேரா எழுதியிருந்தாக, தங்கச்சி. நம்ம தவிடு, பாத்துச் செய்யுங்கன்னு நாந்தான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்."

நன்றியை எதிர்பார்ப்பவர்போல என் முகத்தைப் பார்த்தார்.

ஞாயிறு. அவரை வேட்பாளராக அறிவிக்கக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையேறினேன். அறிக்கையின் அந்த ஒரு வரியைப் படித்தேன். அந்தப் பெயரால் என் மகளை அழைப்பவர் யார் என்று சொன்னேன். மைக் கீச்சிட்டது. பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம். பத்து நிமிடத்தில் மண்டபம் காலி. போடக் கொண்டுவந்த மாலைகளைக் கொண்டுவந்தவர்களே எடுத்துப் போனார்கள். வேறொருவர் வேட்பாளரானார். ஒன்றியப் பதவியும் போனது. இப்போது அவர் வீட்டு விசேஷத்துக்கும் யாரும் போவதில்லை.

இழப்பை எழுதி வைக்கிறேன். பதினோரு பேர், சிறையில் இருபத்தாறு நாள். மலரைக் கல்லூரி திரும்பச் சேர்க்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் நான் முதலில் அவள் அறையைப் பார்க்கிறேன். உடன்பிறக்காவிட்டாலும் அண்ணன் என்று எனக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான்; இனி அவரும் இல்லை. சேகருக்கு இடது காது கேட்காது. ஜீப்பை விற்றுவிட்டுப் போய்விட்டான். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவனை அடித்தவர்கள் ஆறு பேர். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாற்பது பேர் இருக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.