மஞ்சள் துணி கட்டிய ஒன்பது தூக்குப்போசிகள்

பெயர்: சீனியம்மாள். வயது: 46. கணவர் பெயர்: பாண்டித்துரை. சொந்த ஊர்: அருப்புக்கோட்டை அருகில். தற்போதைய இருப்பு: பெருமாநல்லூர் சாலை, லைன் வீடு, கதவு எண் 7. தொழில்: பனியன் கம்பெனியில் செக்கிங்.

நான் மேற்படி விலாசத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தை யாரும் என்னை மிரட்டிக் கேட்கவில்லை. போலீஸ் நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தார்கள், சர்க்கரை கம்மி. ஊத்துக்குளியைச் சேர்ந்த விவசாயி நல்லான் என்பவர், தன் மகள் தேவிப்பிரியாவின் கட்டுச்சோற்று விருந்துக்காக வைத்திருந்த ஒன்பது போசிச் சோற்றையும் பாத்திரத்தோடு நான் திருடிக்கொண்டு போனதாக நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை புகார் கொடுத்திருக்கிறார். சோற்றை எடுத்தது உண்மை. திருடினேன் என்பது பொய். ஒன்பதில் எட்டுப் போசிதான் எங்கள் வண்டியில் இருக்கிறது, ஒன்று எங்கே என்று ஏட்டையா மூன்று தடவை கேட்டுவிட்டார். அதை அதன் இடத்தில் சொல்கிறேன், முந்திக்கொண்டு கேட்டால் எனக்கு வரிசை தப்பிவிடும் என்றேன். சரி என்று எழுத ஆரம்பித்தார்.

எங்கள் லைனில் பாதிப் பேர் வேலை பார்த்த யூனிட், ஆர்டர் இல்லாமல் மூடி நேற்றோடு பதினேழு நாள். எங்கள் தெற்கத்திச் சனமும் இருக்கிறது, ஒடிசாக்காரர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளோடு சேர்த்து அறுபத்திரண்டு பேர். நான் வேலை பார்க்கும் கம்பெனி வேறு, அது ஓடுகிறது. நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது எதிர்வீட்டுப் பிள்ளை என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் முகூர்த்த நாட்களில் நாலு மண்டபத்தில் பேசி வைத்து, மிஞ்சுகிற சாப்பாட்டை என் கணவர் ஓட்டும் குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து பரிமாறி வருகிறேன்.

இதில் ஒரு ஏற்பாடு உண்டு. சமையல்காரர்கள் பந்தி வேலையில் இருப்பார்கள், எங்களுக்காகக் காத்து நிற்க முடியாது. அதனால் மிச்சச் சாப்பாடு இருக்கும் பாத்திரத்தின் வாயை மஞ்சள் பனியன் துணியால் கட்டிப் பின்வாசலில் வைத்துவிடுவார்கள், நாங்கள் எடுத்துக்கொள்வோம். அந்தத் துணியைக் கொடுத்தது நான்தான். எங்கள் கம்பெனியில் ஒரு வெளிநாட்டு ஆர்டருக்குச் சாயம் போட்டு, ஷேடு சரியில்லை என்று தள்ளிய லாட் அது. தள்ளியதும் என் மேஜைதான். அப்படி ஒரு மஞ்சள் கடையில் கிடைக்காது, பழுத்த பப்பாளியின் உள்பக்கம் மாதிரி இருக்கும்.

நேற்று கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். காலை ஒன்பது மணிக்கு நானும் என் கணவரும் ஒரு மண்டபத்தின் பின்வாசலுக்குப் போனோம். சமையல் மாஸ்டர் செல்வக்குமார் உள்ளே பந்தியில் இருந்தார். வாசலில் ஒன்பது எவர்சில்வர் தூக்குவாளி வரிசையாக இருந்தன. இந்தப் பக்கம் தூக்குப்போசி என்கிறார்கள். எல்லாவற்றின் வாயிலும் என் மஞ்சள் துணி. நான் ஷேடு பார்த்தேன், அதே லாட். இருபத்திரண்டு வருடமாக ஷேடு பார்ப்பதே என் பிழைப்பு, அதில் எனக்குத் தப்பாது என்ற திமிரும் உண்டு, எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் ஒரு போசியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏ சீனி, என்னமோ நெறைய இருக்கு, இன்னும் சூடு ஆறல. மிச்சம் மாதிரி தெரியலயே" என்றார். நான், "ஒங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? வண்டிய எடுங்க" என்றேன். அவர் சொன்னதுதான் சரி என்பதை மட்டும் விட்டுவிடும்படி ஏட்டையாவிடம் கேட்டேன். அதையும் எழுதிவிட்டார்.

அதன் பிறகு லைனுக்கு வந்து துணியை அவிழ்த்தோம். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று ஒன்பதும் ஒன்பது வகை. ஒரு கரண்டிகூட யாரும் அள்ளியிருக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெற்றிலை, வெற்றிலை மேல் ஒரு பூ. காலை டிபன் மிச்சம் என்றால் இட்லி இருக்கும், பொங்கல் இருக்கும், பூவா இருக்கும்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முந்திரிப் பருப்பைப் பார்த்ததும் புத்தி மழுங்கிவிட்டது. அறுபத்திரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் முந்திரியை எண்ணி எண்ணிச் சண்டை போட்டன. பவர்டேபிள் மிஷினில் பனியன் தைக்கும் டெய்லர் பெரியகருப்பன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "எந்த மகராசி வீட்டு விசேஷமோ, நல்லா இருக்கணும்" என்று ஏப்பம் விட்டார். பதினேழு நாளில் அன்றைக்குத்தான் எங்கள் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதன் பிறகு நான் போசிகளைக் கழுவ உட்கார்ந்தேன். முதல் போசியைக் கவிழ்த்தபோது அடியில் 'ந. தேவிப்பிரியா' என்று பெயர் வெட்டியிருந்தது. இரண்டாவதிலும் அதுவே. மண்டப வாசலில் மணப்பெண் பெயர் ஜோதிகா என்று பூவால் எழுதியிருந்ததைக் காலையில்தான் பார்த்திருந்தேன். அய்யய்யோ என்று எழுந்தேன். அதே நேரம் செல்போன் அடித்தது, பேசியது செல்வக்குமார்.

"ஏனுங் சீனியக்கா, பின்னால வெச்சிருந்த போசிய நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களா? அது கட்டுச்சோறுங்க! ஊத்துக்குளிக்காரரு எங்கிட்டச் செய்யச் சொன்னதுங்க."

கட்டுச்சோறு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஒன்பதாம் மாதத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் பலவகைச் சோறு கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் மகளுக்கு விருந்து வைத்து, பிரசவத்துக்கு அழைத்துப்போவார்கள். சோறு வராமல் பெண் படியிறங்க மாட்டாள். இருபத்திரண்டு வருடம் இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? சம்பந்தி வீடு பெருமாநல்லூரில் இருப்பதால், போகிற வழியில் சூடாக எடுத்துப்போகலாம் என்று நல்லான் அந்த மண்டபத்திலேயே செய்யச் சொல்லியிருக்கிறார். போசிகளுக்குத் துணி அனுப்பியது அவர் மருமகன் சசிகுமார். அவர் எங்கள் கம்பெனியிலேயே கட்டிங் மாஸ்டர். மங்கலக் காரியம் என்று அதே லாட் மஞ்சளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"பன்னண்டு மணிக்கு எமகண்டமுங்க. நாளைக்கு நாள் சரியில்லை, நாளானிக்கு மார்கழி பொறக்குது. இன்னிக்கு உட்டா அந்தப் புள்ள அம்மா ஊட்டுக்குப் போறதுக்கு நாளே இல்லீங்க. அவங்க மாமியா ரொம்பக் கண்டிசனுங்க. இவரு போலீசுக்குப் போயிட்டாருங்க" என்றார் செல்வக்குமார். மறுபடி செய்யக் கூடாதா என்றேன். "கையில ஆளில்லீங்க, பந்தி ஓடுது. வெறுஞ்சோறு வேணா ஒரு அண்டா இருக்குதுங்க. மத்தியானப் பந்திக்கு வடிச்சது, மாப்பிள்ளை ஊட்டுல பாதிச் சனம் காலைலயே கெளம்பீட்டாங்க, எப்படியும் மிஞ்சும்" என்றார். அப்போது மணி பத்து இருபது.

நான் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். நிறைமாதப் பெண் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு விடவில்லை. என் தலைச்சன் பிள்ளையை நான் இதே லைன் வீட்டில், தாய் முகம் பார்க்காமல் பெற்றவள். அந்தப் பெண்ணுக்கு என்னால் அந்த நிலைமை வந்துவிடக் கூடாது என்று தோன்றியது.

சாப்பிட்ட அறுபத்திரண்டு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒடிசாவில் இருந்து வந்த மமதா என்ற பெண்தான் முதலில் வாய் திறந்தாள். "அக்கா, சோறு அங்க இருக்கு இல்ல? கலக்கறது நம்ம கலக்கலாம். அழுவாத, டைம் போவுது" என்றாள்.

அதன் பிறகு என் கணவர் அண்டாச் சோற்றை எடுத்துவரப் பறந்தார். பறந்தார் என்று நான் சொல்வது அவரைப் பற்றி இதுவே முதல் தடவை. அதற்குள் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது. ஒரு வீட்டில் புளி. ஒரு வீட்டில் நாலு எலுமிச்சை. ஊரில் இருந்து கொண்டுவந்த எள்ளை ஒருத்தி டப்பாவோடு கொடுத்தாள். பெரியகருப்பனும் அவரோடு தங்கியிருக்கும் டெய்லர்களும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை வறுத்து இடித்தார்கள். சோறு இல்லாமல் கிடந்த வீடுகளில் இவ்வளவு சாமான் எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆளுக்கு ஒரு கை, ஆளுக்கு ஒரு சிட்டிகை. எட்டு அடுப்பில் தாளிப்பு வெடித்தது, லைன் முழுக்கத் தும்மல். உப்பு பார் என்று ஒருத்தி, காரம் போதும் என்று ஒருத்தி, தள்ளு தள்ளு என்று ஒருத்தி. நான் போட்ட சத்தத்தில் தொண்டை கட்டிவிட்டது, இப்போது என் குரல் இப்படி இருப்பதற்கு அதுதான் காரணம்.

எட்டு வகை ஆனது. ஒன்பதாவதற்கு ஒன்றும் இல்லை. மமதா தன் வீட்டுக்குள் போய்ச் சர்க்கரை, பட்டை, ஒரு கை திராட்சையோடு வந்தாள். "எங்க ஊருல இதுக்குப் பேரு கனிகா, அக்கா. இனிப்புச் சோறு. பண்டிகைக்குச் செய்வோம்" என்றாள். நெய் செல்வக்குமார் கொடுத்தனுப்பியிருந்தார். அவள் கிளறியபோது வந்த வாசத்துக்கு, வயிறு முட்டச் சாப்பிட்டவர்களும் எட்டிப் பார்த்தார்கள். வெற்றிலை வைத்தோம், பூ வைத்தோம், அதே மஞ்சள் துணியைக் கட்டினோம்.

பதினொன்றே முக்காலுக்குப் பெருமாநல்லூரில் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கினோம். நல்லான் நிலையத்தில் இருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். போசியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, என்னைப் பார்த்ததும் சிவந்தது. "நீதானா அந்தப் பொம்பள?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். என் கணவர் நடுவில் வந்து நின்றார். தேவிப்பிரியா பட்டுச்சேலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பெட்டி, அழுது கண் வீங்கியிருந்தது. அவள் மாமியார் கமலாம்பாள் ஒரு போசியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இது மாஸ்டரு கைப்பக்குவம் இல்லியே. யாரு கலந்தது?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது, வந்தாலும் பாதியில் மறந்துவிடும். உங்கள் சோறு அறுபத்திரண்டு பேர் வயிற்றில் இருக்கிறது, இது பந்திக்கு மிஞ்சிய சோறு, ஆனால் இலைக்குப் போகாத அண்டாச் சோறு, கலந்தது எங்கள் லைன் சனம் என்று இன்னார் இன்னார் எனப் பெயர் சொன்னேன். கமலாம்பாள், "மிச்சச் சோத்தைக் கட்டுச்சோறுன்னு எப்படிங்க ஏத்துக்கறது?" என்றார். நல்லான் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று ஐம்பது.

அப்போது தேவிப்பிரியா எழுந்து வந்தாள். "ஏனுங் அத்தை, கட்டுச்சோறு திங்கோணும்னு காலைல இருந்து பச்சத்தண்ணிதானுங்க குடிச்சேன். யாரு கலந்தா என்னங்க. எனக்குப் பசிக்குதுங்க" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு நான் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. இலையைப் போட்டேன், ஒன்பதையும் வைத்தேன். நேற்று அந்த நேரத்தில் இரண்டு வீட்டுச் சனத்திலும் எங்கள் லைனிலும் அவளைப்போல் பசித்திருந்தவர்கள் யாரும் இல்லை. அவள் கனிகாவை ஒரு வாய் வைத்தாள், கண்ணை மூடினாள், அதன் பிறகு தலை நிமிரவில்லை. கமலாம்பாள் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தானும் ஒரு இலை போட்டு உட்கார்ந்தார். "தேங்காச் சோத்துல உப்புப் பத்துல" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். பிறகு மருமகள் தலையைத் தடவி, "போயிட்டு வா கண்ணு, பேரப்புள்ளையோட வா" என்றார். நல்லான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்தப் பெண் வலது காலை வைத்துப் படியிறங்கினாள். நான் குலவை போட்டேன். இந்தப் பக்கம் அது வழக்கமா என்று யோசிக்கவில்லை, தொண்டை கட்டியிருந்தும் வந்துவிட்டது.

நல்லான் காரில் ஏறும் முன், "எட்டுப் போசியும் உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க, நாலு பேர் சாப்புடட்டும். துணிய மட்டும் மாத்திப் போடுங்க" என்றார். மாற்றிவிட்டேன், இனிமேல் பச்சை. புகாரைத் திரும்பப் பெற இன்று வருவதாகச் சொன்னார், சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வந்துகொண்டிருப்பார்.

ஒன்பதாவது போசியைப் பற்றி இப்போது சொல்கிறேன். அது மமதாவின் கனிகா இருந்த போசி. அதைத் தேவிப்பிரியா யாரிடமும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறி, ஊத்துக்குளி போகிற வழியெல்லாம் கையால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறாள். இன்று காலை போன் செய்தாள். போசி காலியாம். பிள்ளை பிறந்ததும் நெய் நிறைத்து மமதாவுக்குத் திருப்பி அனுப்புவாளாம், அதுவரை தரமாட்டாளாம். எனவே மேற்படி போசி திருட்டுப் போகவில்லை. அதை யாரும் தேட வேண்டாம்.

ஏட்டையா எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, என் கணவரைப் பற்றிய அந்த ஒரு வரி உட்பட எல்லாமே நடந்தது, இட்டுக்கட்டியது எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பா. சீனியம்மாள்