ஆறு மீட்டர் உயரம்

ரமலானில் எங்கள் கிடங்கை மதியம் இரண்டு மணிக்குப் பூட்டிவிடுவோம். எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தின் ஆகஸ்ட் வெயிலில், நோன்போடு அதற்கு மேல் யாராலும் வேலை செய்ய முடியாது.

இருபத்தாறு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. போன குளிர்காலத்தில் இடது கண் மங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் வாசலைப் பெருக்கத்தான் விடுவார்கள்.

சரக்கு அடுக்கும் லஸ்ஹர் கண்டுபிடித்துவிட்டான். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஒரு நாள் வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் இரும்பு முள் அவன் விலாவுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் குத்தியது. அவன் சிரித்தான்.

"அம்மார் அண்ணே, இது வண்டியா, முட்டுற காளையா? எந்தக் கண்ணு போச்சு?"

"கண்ணுக்கு என்னடா? நல்லாத்தான் இருக்கு."

"நோன்பு வச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே முதலாளிகிட்ட சொல்லிரு. இல்லேன்னா நான் சொல்லிருவேன். எவன் வயித்துலயாவது ஏத்திருவே."

நியாயமான பேச்சு.

வியாழக்கிழமை, மேலடுக்கில் ஓர் எண்ணெய்த் தகரம் ஒழுகியது. ஆளை ஏற்றுவதற்கென்று கம்பிக் கூண்டு இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை. மரத்தட்டில் நிற்கச் சொல்லி முள்ளால் தூக்கிவிடுவோம். லஸ்ஹர் துணியோடு ஏறினான். ஆறு மீட்டர். தகரக் கூரை அவன் தலைக்கு ஒரு முழம் மேலே. அவன் கைப்பேசி கீழே அவன் பையில் இருந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். வண்டிச் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தட்டை நான் சாய்க்கவில்லை. அவனைத் தொடவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கதவைப் பூட்டி வீட்டுக்குப் போனேன். தூங்கினேன். சூரியன் மறைய, நோன்பு திறக்கும் பீரங்கி முழங்கியது. பேரீச்சம்பழம், சூப், மனைவி முட்டை வைத்து மடித்துப் பொரித்த பிரிக். இரண்டு தின்றேன். சாப்பிட்டதும் போய் இறக்கிவிடலாம் என்றிருந்தேன். பிறகு தேநீர் வந்தது. மைத்துனன் வந்தான்.

காலையில் லஸ்ஹர் கிடங்கின் சிமெண்டுத் தரையில் கிடந்தான். அடுக்குச் சட்டத்தைப் பிடித்து இறங்கப் பார்த்திருக்கிறான். செருப்பெல்லாம் எண்ணெய். பொறுத்திருந்தால் உயிரோடு இருந்திருப்பான்.

அவனைப் பயமுறுத்த மட்டுமே நினைத்தேன் என்று நேற்று சொன்னேன். ஆனால் எதற்காகப் பயப்பட வேண்டும் என்று அவனிடம் நான் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் பேரம் பேசியிருப்பான், நானும் இறக்கிவிட்டிருப்பேன். அந்தத் தகரத்தைப் புதன்கிழமை ஆணியால் குத்தி மேலே வைத்தவனும் நான்தான்.

அன்று நான் கதவை இழுக்கும்போது மேலிருந்து கூப்பிட்டான். குரலில் கோபமில்லை. அவன் என் கண்ணைத்தான் நினைத்திருக்கிறான்.

"அண்ணே, நான் இங்க மேல நிக்கிறேன். கண்ணுக்குத் தெரியலையா? சட்டையைக் கழட்டி ஆட்டட்டுமா?"