அந்தப் பள்ளம் அங்கேயே இருந்தது

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மறைந்த பேராசிரியரின் கணவர் கோவிந்தராஜுலு அவர்களே, கருமத்தம்பட்டியிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, துறைத் தோழர்களே! நான் அமீர் ஹம்சா. பத்தொன்பது ஆண்டுகள் பேராசிரியர் முனைவர் வெங்கடலட்சுமி அவர்களுக்கு அடுத்த அறைக்காரன். அவரை நம்பாமல் போனவனும் நான்தான்.

அவர் ஆராய்ந்தது ஒருவகைக் காந்தக் கலவை. அதில் பல அணுக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள். ஒன்று இந்தப் பக்கம் திரும்பச் சொல்லும், இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கும். குளிரவைத்தால் சட்டென்று அடங்காது. வால்பாறை பஸ் மாதிரி மேடேறி, பள்ளம் இறங்கி, நாள்கணக்கில் மெல்ல நகரும். அதைப் பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்? வெங்கடலட்சுமி உட்கார்ந்திருந்தார்!

எட்டு ஆண்டுகளுக்கு முன், தாமே உருக்கிய புதுக் கலவையைக் குளிரவைக்கும்போது நடுவில் ஒரு வெப்பநிலையில் நான்கு நாள் நிறுத்தினார். பிறகு இன்னும் குளிரவைத்து, மறுபடி சூடேற்றினார். நிறுத்திய அதே வெப்பநிலையில் காந்த அளவைக் காட்டும் வரைகோடு பள்ளமாக இறங்கியது. காத்திருந்த இடத்தைக் கலவை நினைவில் வைத்திருக்கிறது என்றார். வெப்பமானிக் கோளாறு என்றேன் நான். இருவர் பெயரிலும் எழுதிய கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். ஆய்விதழும் அதைத் திருப்பி அனுப்பியது. அவர் கோபித்தாரா? இல்லை. மூன்று முறை வெப்பமானியை மாற்றி, மூன்று வரைபடங்களையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் பிரித்தும் பார்க்கவில்லை.

கடந்த தை மாதம் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அவருடைய மாதிரியைச் சோதித்து எழுதியது. அதே பள்ளம், அதே இடம். அப்போது அவர் மருத்துவமனையில் இருந்தார். கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்கு அது சரின்னு தெரியுமுங்க, ஹம்சா சார். உங்களுக்குத் தெரியாமயே போயிருமோன்னுதான் இருந்துச்சு,” என்றார். பிறகு, “உங்க பேரைச் சேர்த்துப்போடட்டுங்களா?” என்று கேட்டார்.

அந்த உரிமை எனக்கில்லை என்றேன். மறுபடி அனுப்பிய கட்டுரையின் இறுதியில் இப்படி எழுதினார்: ‘விடாமல் சந்தேகப்பட்ட அமீர் ஹம்சாவுக்கு நன்றி.’

கட்டுரை ஏற்கப்பட்ட கடிதத்தைக் கணவர் வாசிக்கக் கேட்டு, அன்று நிம்மதியாகத் தூங்கினாராம். இரங்கல் கூட்டத்தில் ஆறுதலடைந்தேன் என்று சொல்லலாமா? சொல்கிறேன், அன்பர்களே! அவர் ஜெயித்ததைப் பார்த்துவிட்டுப் போனார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். நேரம் இருந்தது.

மருத்துவமனையிலிருந்தே அவர் சொல்லச் சொல்ல, ஆய்வு மாணவி எழில் தொடங்கிய நாற்பது நாள் அளவீடு இப்போதும் ஓடுகிறது. இன்று முப்பத்தோராம் நாள். ஒரு மணி நேரம்கூடக் குறைக்க மாட்டோம் என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன். இன்று மாலை அதைக் கவனிக்கும் முறை என்னுடையது. விடை கொடுங்கள்.